எங்கள் இருவருக்கும் ஒரே ஓட்டு

அரசாங்கத்தைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டின் முன்னறையில் என் தையல் மெஷின் இருக்கிறது, அதற்கு எதிரே டிவி. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் டேப்பை அவர்களைச் சுற்றி இழுத்துப் பிடித்தபடி அமைச்சர்களின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டிருப்பேன். "அக்கா, மூச்சு விட்டுக்கவா?" என்று கேட்ட பிறகுதான் டேப்பை விடுவேன்.

அந்த நேரங்களில் என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். திட்டாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார். சில சமயம் எனக்குத் தெரியாத விவரத்தை எடுத்தும் கொடுப்பார். முப்பது வருஷமாகக் கட்டுமானச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இந்த மாநிலத்தில் அவர் சிமெண்ட் இறக்காத கிராமம் இல்லை. எந்தப் பாலம் எத்தனை வருஷமாகப் பாதியில் நிற்கிறது என்று அவரைக் கேட்டால் போதும். ஆனால் அந்தப் பாலத்துக்காக ஓட்டுச்சீட்டில் ஒரு கோடு போடும் உரிமை அவருக்குக் கிடையாது. அவரிடம் இருப்பது சிவப்பு அட்டை.

இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல நிற அடையாள அட்டை. நீ இங்கேயே இருந்துகொள், ஆனால் நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சிவப்பு. என் வீட்டுக்காரர் பிறந்தது லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். கடல் கடந்து எங்கும் போனதில்லை. பாஸ்போர்ட் இல்லாததால் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரைக்கூடப் பார்த்ததில்லை. அவரைப் பெற்றவர்கள் இருவரும் நீல அட்டைக்காரர்கள். அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கைக்கும் நீலம். இவருக்கு மட்டும் சிவப்பு. காரணம் ஒரு படி தவிடு என்று சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்?

நடந்தது அதுதான். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக இவர் பிறந்தபோது என் மாமியார் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயந்தாராம். தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு அம்மா மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து கொண்டுவந்து என் மாமியார் மடியில் கொட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். விற்றாகிவிட்டது. இனி அது அவர்கள் பிள்ளை, எமன் தேடி வந்தாலும் வீடு மாறிப் போயிருக்கும். பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். ஆனால் பிள்ளை ஓடி விளையாடும்வரை யாரும் அதை 'எங்க புள்ள' என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பிறப்புப் பதிவுக்காக லயத்துக்கு வந்தார். பிள்ளை யாருடையது என்று கேட்டார். என் மாமனார், எமன் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், பக்கத்து வீட்டைக் கைகாட்டினார். அந்த வீட்டு அம்மாவும் சம்பிரதாயத்தை விடாமல், ஆமாம், எங்கள் பிள்ளைதான் என்றார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆட்களின் தவிட்டுக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. காதில் விழுந்ததை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனார். பிள்ளையை வாங்கிய புருஷனும் பெண்டாட்டியும் கடல் தாண்டி ஊரிலிருந்து வந்து காகிதம் எதுவும் எடுக்காமலே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். வெளிநாட்டார் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்ததும் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் பெயர் மட்டும் இவருடைய பிறப்புப் பத்திரத்தில் தங்கிவிட்டது.

பத்திரத்தில் இருப்பவர்கள் குடிமக்கள் இல்லை, அதனால் இவருக்குச் சிவப்புதான் என்பது பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான் வீட்டில் தெரிந்தது. என் மாமனார் அந்த அலுவலக வாசலில் நின்று தவிட்டுக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுவார். எமனிடமிருந்து தப்பித்த பிள்ளை கவர்மெண்டிடம் மாட்டிக்கொண்டது என்பார்.

சிவப்பு அட்டையோடு வாழ்வது எப்படி என்று கேட்டால், பயத்தோடு வாழ்வது என்றுதான் சொல்வேன். ரோட்டில் போலீஸ் தடுப்பைத் தூரத்தில் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் இடது கை தானாகச் சட்டைப்பையைத் தொடும். அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். இளம் போலீஸ்காரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'பாக்சிக்' என்று மாமா முறை வைத்து, எந்த நாட்டு ஆள் என்று மலாயில் கேட்பான். மரியாதையாகத்தான் கேட்பான். இந்த ஊர் ஆள்தான் என்று அந்தப் பையனைவிடச் சுத்தமான மலாயில் இவர் பதில் சொல்வார்.  என்றைக்காவது ஒருவன் அந்தச் சிவப்பையும் பிடுங்கிக்கொண்டால் எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். 

அதனால்தான் தேர்தல் எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி. மகள் ஜொகூர் பாருவில் வேலையோடு தங்கிவிட்டாள், அவள் ஓட்டு அங்கே. இங்கே என் பெயரில் ஒரே ஓட்டு, அது எங்கள் இருவருக்கும். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து யாருக்குப் போடுவது என்று பேசி முடிவெடுப்போம். பேச ஒன்றும் இருக்காது, இரண்டு பேருக்கும் ஆளும் கட்சியைக் கண்டால் ஆகாது. ஆனாலும் இவர் விடமாட்டார். அந்த வேட்பாளர் இப்படி, இந்த வேட்பாளர் அப்படி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். கேட்டுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருப்பார். ஓட்டுச்சீட்டில் நாங்கள் போடுவது பெருக்கல் குறி, அதற்கு இரண்டு கோடு. ஒரு கோடு அவருக்கு, ஒரு கோடு எனக்கு. வெளியே வந்ததும் மை வைத்த விரலை அவர் முன்னால் நீட்டுவேன். அவர் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"எனக்கும் சேத்துத்தான போட்ட?"

"ஒங்க கோடுதான் கொஞ்சம் கோணலா போயிடுச்சி" என்பேன். பிறகு கடலோரத்துக் கோலா சுங்கை பாருவுக்குப் போய், படகிலிருந்து இறங்கிய மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான்.

நீல அட்டைக்கு இவர் மூன்று முறை மனுப் போட்டார். ஒவ்வொரு முறையும் பல வருஷம் காத்திருந்து, மூன்று முறையும் ஏற்க இயலவில்லை என்று இரண்டு வரி வந்தது. ஏன் என்பதற்கு ஒரு வார்த்தை இருக்காது. காரணம் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். காரணமே இல்லாத கடிதத்தோடு என்ன சண்டை போடுவது? கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என் வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். நான் கத்துவதெல்லாம் வீரம் என்று தாமானில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கையாலாகாதவள் வேறென்ன செய்வாள்.

அறுபதை நெருங்கும்போது இவர் நான்காவது முறை மனுப் போட்டார். சாவதற்குள் ஒருமுறை நானே உள்ளே போய் ஓட்டுப் போட வேண்டும், அது போதும் என்றார். இந்த முறை எங்கள் கோயில் தலைவர் ஒத்தாசைக்கு வந்தார். அவர் கோயிலுக்கு மட்டும் தலைவர் இல்லை, ஆளும் கட்சியின் எங்கள் வட்டாரக் கிளைக்கும் அவர்தான் தலைவர். இங்கே பல இடங்களில் அப்படித்தான். சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து ஆதரவுக் கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே, இங்கே பூசாரியே கூட வருகிறார் என்று நான் கேலி செய்தேன். இவர் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான்கு நகல் எடுத்து வைத்தார்.

அதற்குச் சில மாதம் கழித்து என் வாய்க் கொழுப்பு சீலையில் வடிந்தது. அந்த உறுப்பினர் ஏதோ கோயில் விழாவில் மாலை போட்டுக்கொண்டு பேசிய வீடியோ ஒன்று போனில் வந்தது. இந்திய சமூகத்தை அரசாங்கம் கண்ணின் மணியாகப் பார்த்துக்கொள்கிறதாம். கீழே நான் எழுதினேன்: தேர்தல் வந்தா மட்டும் ஒங்களுக்குக் கோயில் வாசல் தெரியும், எங்க வீட்டு வாசல்ல முப்பது வருஷமா நீல அட்டைக்கு நிக்கிற ஆள் தெரியாது. என் சொந்தப் பெயரில் எழுதினேன். நாலு பேர் பாராட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் மத்தியானம் தலைவர் போன் செய்தார். கோபமே இல்லாத குரல்.

"தங்கச்சி, நீ பாட்டுக்கு எழுதிட்டு போயிடுவ. ஒன் வீட்டுக்காரு பைல் அங்க மேசையில கெடக்குது. அத மட்டும் நெனச்சிக்கோ."

நான் எழுதியதை யாரோ படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை. உடனே அழித்துவிட்டேன்.  அழித்தது என் போனிலிருந்துதான் போகும், அந்தப் படத்திலிருந்து எப்படிப் போகும்? பாராட்டிய நாலு பேரில் ஒருவர்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது. நால்வருமே என்னிடம் ரவிக்கை தைத்துக்கொள்பவர்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்த வரியை எழுதினாய் என்று மட்டும் கேட்டார். சொன்னதும், நல்லாத்தான் எழுதியிருக்கே என்றார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அப்போது நான் ஒன்றுமே பேசிக்கொண்டிருக்கவில்லை.

சரியாக ஒன்பதாம் நாள் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அசல் பத்திரங்களோடு நேர்முக விசாரணைக்கு இருவரும் வர வேண்டும் என்று இருந்தது. முந்தைய மூன்று முறையும் என்னைக் கூப்பிட்டதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தக் கடிதத்தில் இருந்த 'மனைவியும்' என்ற ஒரு சொல்லே பேயாக நின்றது. எழுதியவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த இரண்டு வாரம் போனைக் கழுவினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய படங்கள், யாரோ அனுப்பிய கேலிச் சித்திரங்கள், மகளுக்கு எழுதிய வசவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். டிவியில் செய்தி வந்தால் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினேன். அளவு கொடுக்க வந்த பெண்கள் என்னக்கா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். யார் கேட்டாலும், அனுப்பியது இவள்தானோ என்று முகத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காக உடம்பளவு தெரிந்த பெண்கள், அவர்கள் மனசளவு எனக்குத் தெரியவில்லை.  திட்டாமல் சோறும் இறங்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் தலைவர் வந்து இவரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பெயரைக் கேட்டால் பத்திரத்தில் இருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும், தவிட்டுக் கதையை எடுக்கவே கூடாது, மூன்று முறையும் காரியம் கெட்டது அந்தக் கதையால்தான் என்றார். இவர் தலையை ஆட்டினார்.

அலுவலகத்தில் முதலில் இவரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னையும் உள்ளே அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி. நல்ல முகம், உட்காருங்கள் கக்கா என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னாள். கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை, வீடு சொந்தமா என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தாள். திரை அவள் பக்கம் இருந்தது. அதில் நான் எழுதிய வரி இருக்கிறதா என்று அவள் கண்ணிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கக்கா துணி தைப்பவரா என்று கேட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மனுவில் என்னை வீட்டைப் பார்த்துக்கொள்பவள் என்றுதான் எழுதியிருந்தோம். தைப்பது தெரிந்திருக்கிறதென்றால் எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசியது, எல்லாமே. ஆமாம் என்று சொன்னேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை. அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அதன் பிறகு அவள் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து சீலையை அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். காலையில் கொக்கி தைத்துவிட்டு மறந்துபோன ஊசி, சிவப்பு நூலோடு என் ரவிக்கைத் தோளில் குத்தியபடியே இருந்தது. அந்தப் பெண் பார்த்தது அதைத்தான். சிரிப்பு வரவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கவர்மெண்ட் ஆள் சும்மா அன்பாக ஒரு வார்த்தை கேட்டால்கூட அதைத் தாங்க முடியாத நிலைமைக்கு நான் வந்திருந்தேன்.

 அன்று சாயங்காலம் லாரிச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "எங்கம்மா பேர அவங்க கேட்டாங்க. அந்தப் பத்திரத்துல இருக்கற பேரச் சொன்னேன். எங்கம்மாவ இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

என் மாமியார் எங்களோடுதான் இருந்தார், எங்கள் வீட்டில்தான் செத்தார். கடைசி மூன்று மாதம் அவருக்குச் சோறு ஊட்டியது இவர்தான். நான் போய் மாமியார் படத்துக்கு விளக்கேற்றினேன். இவர் அந்தப் பக்கமே வரவில்லை.

மனுவுக்கு முடிவு வருவதற்குள் மாநிலச் சட்டமன்றம் கலைக்கப்பட்டுத் தேர்தல் அறிவித்தார்கள். கடிதம் கொடுத்த அதே உறுப்பினர்தான் மறுபடியும் வேட்பாளர். தாமான் முழுக்கக் கொடி. ஓட்டுப் போடுவதற்கு மூன்று நாள் முன்னால் தலைவர் தன் சம்சாரத்தின் ரவிக்கையை வாங்கிக்கொண்டு போக வந்தார். அவர் இதுவரை ரவிக்கை வாங்க வந்ததில்லை. பைல் நல்லபடியாக நகர்வதாகக் கேள்விப்பட்டேன் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது மிச்சத்தைச் சொன்னார்.

"இந்தத் தடவ நீ ஓட்டுப் போடற ரூம்ல கட்சி ஏஜெண்டா நாந்தான் உக்காருறேன். ஓட்டுச் சீட்டுல நம்பர் இருக்கும், பாத்திருக்கியா தங்கச்சி?"

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. மிரட்டினார் என்று யாரிடம் போய்ச் சொல்ல? மகளுக்குப் போன் செய்தேன். "மா, யாரு எதுக்குப் போட்டாங்கன்னு யாராலயும் பாக்க முடியாதுலா. சும்மா கெழவிங்க கத" என்றாள். அவள் நீல அட்டைக்காரி, நீல அட்டைக்காரியின் மகள். அவள் சொன்னது எனக்கும் தெரியும். பகலில் தெரியும். ஓட்டுச்சீட்டை எண்ணும் இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து என் நம்பரைப் பார்த்துத் தலைவருக்குப் போன் செய்வதாகக் கனவு கண்டு எழுந்தால் தெரியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல இவர் உட்கார்ந்து வேட்பாளர்களைப் பற்றிச் சொன்னார். நம்ம ஆளுக்குத்தான் என்று முடித்தார். தலைவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், பயப்படாதே, நம்ம ஆளுக்கே போடு என்றுதான் சொல்லியிருப்பார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

பள்ளிக்கூடத்து அறையில் ஒருவர் என் பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த தலைவர் ரூலரை வைத்துத் தன் பட்டியலில் என் பெயரைக் கோடிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, கோயிலில் பார்ப்பது போலவே தலையசைத்தார். இடது சுட்டுவிரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குள் போனேன். சீட்டின் ஓரத்தில் நம்பர் இருந்தது. எல்லாத் தேர்தலிலும் இருந்திருக்கும், நான் அன்றுதான் படித்தேன்.

எப்போதும் போடும் சின்னத்துக்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோனேன். அந்தக் கட்டத்துக்கு மேலேயே பேனா நின்றது. மேசையில் கிடக்கும் பைல் ஞாபகம் வந்தது. ரோட்டில் போலீஸ் தடுப்பைப் பார்த்துச் சட்டைப்பையைத் தொடும் கை ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் திட்டினேனே, என்ன கிழித்தேன் என்று நினைத்தேன். பேனா ஒரு கட்டம் மேலே போனது. முதல் கோடு போட்டேன். அது அவருடைய கோடு. அதிலேயே நிறுத்தியிருந்தால் என்னவோ, தெரியாது. இரண்டாவது கோட்டையும் போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுத் தலைவரைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

தேத்தண்ணிக் கடையில் இவர் எழுந்து நின்றார். நான் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரலை உள்ளே மடக்கியிருந்தேன். வெயிலாக இருக்கிறது, சீக்கிரம் போகலாம் என்றேன்.

"எனக்கும் சேத்துத்தான போட்ட?"

"ம்."

கோலா சுங்கை பாருவுக்குப் போனோம். அவர் மீன்காரர்களோடு பேசிச் சிரித்து நல்ல மீனாக வாங்கினார். குழம்பு வைத்தேன். அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார், எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மறுநாள் காலை முடிவு சொன்னார்கள். அந்த உறுப்பினர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். என் ஒரு ஓட்டால் அவருக்கு ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர்களுக்கு என் ஓட்டே தேவைப்பட்டிருக்கவில்லை என்று அறிந்தபோது வந்த அவமானத்தை என்னால் இன்றும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. தோலில் இருந்த மை போய், நகத்தில் மட்டும் மிச்சம் இருந்தது. நான்காவது முறையும் அதே இரண்டு வரி. ஏற்க இயலவில்லை. காரணம் இல்லை. நான் எழுதிய வரியால் வந்ததா, தவிட்டால் வந்ததா, இல்லை யாரும் பைலைத் திறந்தே பார்க்கவில்லையா, எங்களுக்குத் தெரியவே போவதில்லை. இவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடிப்பு மாறாமல் மடித்து, பழைய மூன்று கடிதங்களோடு வைத்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வந்து என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் திட்டுவேன் என்று காத்திருந்தார். ஒவ்வொரு கடிதம் வந்தபோதும் அப்படித்தான்; நான் திட்டித் தீர்ப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் இருவருக்கும் கொஞ்சம் மூச்சு வரும். எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவேன்?

"நான் அவனுங்களுக்குத்தான் போட்டேன்" என்றேன். "ரெண்டு கோடும்."



"தெரியும்" என்றார். "அன்னைக்கி நீ வெரலக் காட்டல."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த நாட்டில் அவருக்கு இருந்தது அந்த ஒற்றைக் கோடு. அதைத்தான் நான் அவரைக் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதுவும் ஒரு மாதமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. தலைவர் வந்தது, சொன்னது, நம்பர், பேனா நின்றது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.  நான் மூக்கைத் துடைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"எங்கம்மாவும் பயந்துதான் என்னய வித்தாங்க. அவங்களுக்கு ஒரு படி தவிடாச்சும் கெடச்சிச்சி. ஒனக்கு என்னா குடுத்தானுங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவருக்கும் வரவில்லை. நான் இடது கையை எடுத்து விரலை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பிடித்து, நகத்தில் மிஞ்சியிருந்த மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.  ஜன்னலைத் திறந்து யாரென்று பார்க்க இரண்டு பேருமே எழவில்லை.